மாமனாரின் பேட்ஜுப் பெட்டி

ஒரு பேட்ஜை அடையாளம் காண்பதற்கு அதை மூன்று முறை பார்க்க வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். இறுதியாக, நாம் சொல்லப்போவதை வீட்டில் உள்ளவர்கள் நம்புவார்களா என்ற ஐயத்தோடு பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் நூல்கள் கற்பிக்கின்றன. மூன்றாவதை எனக்குக் கற்பித்தவள் என் மனைவி.

நான் பணிக்காலம் முழுவதும் மின்தூக்கிகளைப் பழுதுபார்த்தவன். ஓய்வு பெற்ற பின்னரே பழைய படைச் சின்னங்களையும், போர் எதிர்ப்பு இயக்கத்தார் அணிந்த பேட்ஜுகளையும் ஆராயும் துறையில் புகுந்தேன். மாலை வகுப்பொன்றில் சேர்ந்து, முதல் வரிசையில் அமர்ந்து, முறையாகப் பயின்று சான்றிதழும் பெற்றேன். அச்சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. என் மனைவி ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அதன் எதிரே ஒரு கணம் நின்று, "என்னங்க, உங்க டாக்டர் பட்டத்துல சிலந்தி குடியேறியிருக்கு" என்பாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மருத்துவர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, உலகில் எதையும் படித்துவிடலாம் என்ற துணிவு அவளுக்கு வந்திருந்தது.

என் மாமனார் சலவைக் கடை வைத்திருந்தவர். அவர் கடை இருந்த தெருவின் ஒரு முனையில் படை முகாம். மறுமுனையில் பொதுக்கூட்டத் திடல். முகாமில் இருந்தவர்கள் போருக்குப் போனார்கள். திடலில் கூடியவர்கள் போர் வேண்டாமென்று முழங்கினார்கள். இடையில் இருந்த மாமனார் இரு சாராரின் கோட்டுகளையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுத்தார். மிகக் குறைவாகப் பேசுவார். அந்த ஊருக்கு வருமுன் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத் தம் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. கோட்டை நீட்டும் வாடிக்கையாளரிடம் அவர் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "பையைப் பாத்துட்டுக் குடுங்க." அவர் வாய்விட்டுத் திட்டியது காக்கைகளை மட்டுமே.

மாமியார் முன்னரே காலமாகிவிட்டார். மாமனாரும் சென்ற ஆண்டு மறைந்தார். அவர் அலமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குப் பின்னால், மரத்தாலான தையல் பெட்டி ஒன்று கிடைத்தது. திறந்தால் நான்கு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு துண்டுக் கம்பளித் துணி விரித்து, அதன்மேல் பேட்ஜுகள் அடுக்கப்பட்டிருந்தன. அனைத்தும் குப்புறக் கிடந்தன.

அங்கேதான் தொல்லை தொடங்கியது.

கடை இருந்த இடத்துக்கு எதிரே இப்போது ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே மாமனார் பெயரில் ஒரு பெஞ்சு போட அனுமதி கிடைத்திருந்தது. பெஞ்சின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் அவர் பெயரும் அதன் கீழே ஒரே ஒரு வரியும். மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், "நாட்டுக்காகப் போரிட்டவர்" என்று பொறிக்க வேண்டும் என்றார். என் மனைவி, "போர் வேண்டாம் என்றவர்" என்று பொறிக்க வேண்டும் என்றாள். இருவரும் காட்டிய சான்று ஒன்றே. மாலையில் வானொலியில் போர்ச் செய்தி ஆரம்பித்ததும் மாமனார் எழுந்து மாடிக்குப் போய்விடுவாராம்.

"போர்ல அடிபட்ட மனுஷன். அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேக்க முடியல. அதான் எழுந்து போனாரு," என்பது மச்சானின் விளக்கம்.

"போர்னாலே அவருக்கு வெறுப்பு. அதான் எழுந்து போனாரு," என்பது என் மனைவியின் விளக்கம்.

தகடு பொறிப்பவர் சனிக்கிழமைக்குள் வாசகம் வேண்டுமென்று சொல்லிவிட்டார். மூலையில் ஒரு சிறு படம் போடலாம் என்றும், தம்மிடம் குறுக்குத் துப்பாக்கியும் புறாவும் தயாராக இருப்பதாகவும் தெரிவித்தார். "எதுன்னு சொல்லுங்க, போட்டுடலாம்" என்றார். அவருக்கு அது எளிதாக இருந்தது.

"துப்பாக்கி போட்ட பெஞ்சுல நான் உக்கார மாட்டேன்," என்றாள் என் மனைவி.

"புறா போட்டா நான் அந்தப் பூங்கா பக்கமே வரமாட்டேன்," என்றார் மச்சான்.

பெற்றோர் இல்லாத பின் அவளுக்கு அவரும் அவருக்கு அவளுமே மிச்சம். வாரந்தோறும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருபவர், அந்தச் சண்டைக்குப் பிறகு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகத் தொடங்கினார். ஆகவே இந்த வழக்கைத் தீர்க்கும் பொறுப்பை, குடும்பத்தின் ஒரே வல்லுநர் என்ற முறையில், நானே ஏற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொண்டதாக நினைவில்லை.

முதல் நாள் மாலை மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்தோம். மச்சானை உள்ளே வரவழைப்பதற்கே, வல்லுநர் முன்னிலையில் இரு தரப்பும் இருக்க வேண்டும் என்று நான் ஒரு விதியை இயற்ற வேண்டியிருந்தது. அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர். எங்கே அமர்ந்தாலும் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

நான் மேசையில் வெள்ளைத் தாளை விரித்தேன். துணிகளைத் தனியே எடுத்து வைத்தேன். அவை பெட்டியின் உள்விரிப்பே தவிரத் தொகுப்பின் பகுதி அல்ல என்று விளக்கினேன். அவற்றுள் கருநீலத் துண்டு மிருதுவாக இருந்ததால், அதைப் பூதக்கண்ணாடி துடைக்க வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு பேட்ஜாக எடுத்து, அறைவாரியாகத் தாளின்மேல் முகம் தெரியும்படி திருப்பி வைத்தேன்.

"எல்லாம் ஏன் குப்புறப் படுத்திருக்கு, மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"இரகசியம் காத்தல்," என்றேன்.

"பெட்டிக்குள்ள, அலமாரிக்குள்ள, போர்வைக்குப் பின்னால, குப்புற. திருடனே வெறுத்துப் போயிருப்பான்."

பெட்டியின் மூடியில் ஊசிகள் செருகி வைக்கும் ஒரு சிறு துணிப் பை இருந்தது. அதற்குள்ளும் ஒரு பேட்ஜ் கிடந்தது. வெண்கல நிறம், விரித்த சிறகுகளோடு ஒரு பறவை, சுற்றிலும் தேய்ந்துபோன எழுத்துகள். மற்றவற்றின் பின்புறம் ஊக்கோ திருகாணியோ அதுபோன்ற வேறு பிடிப்போ இருந்தது. இதன் பின்புறத்தில் துணியில் குத்தி மடக்கும் மூன்று பற்கள் முக்கோணமாக இருந்தன.

"கழுகு," என்றார் மச்சான் உடனே. "பாராசூட் படை. நான் சொன்னேன்ல."

"அலகு சிறிது. கழுத்து குறுகியது," என்றேன் நான், பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "இது சமாதானப் புறா. சங்கங்கள் பலவற்றின் அடையாளம்."

"பாத்தியாண்ணா," என்றாள் என் மனைவி.

"கண்ணாடியை இங்க குடுங்க," என்று அவளே வாங்கிப் பார்த்தாள். எழுத்துகளை விரலால் தடவினாள். மருந்துச் சீட்டைப் படிப்பவளைப் போலத் தலையை ஒருபுறம் சாய்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"என்னம்மா?" என்றேன்.

"புறாப் பந்தயச் சங்கம்."

நான் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"பந்தயப் புறா சமாதானத்துக்கு எதிரி இல்லையே," என்றேன்.

"மாப்ள, பிரேக் போடுங்க," என்றார் மச்சான்.

அந்தப் பேட்ஜ் தொகுப்பைச் சேராதது, யாரோ தவறுதலாகப் போட்டது என்று முடிவுசெய்து, அதை ஒரு தேநீர்த் தட்டில் தனியே ஒதுக்கிவைத்தேன். ஆய்வாளன் வேண்டாததை ஒதுக்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் கற்பித்திருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் பகலில் வேலை செய்தேன். படைக் கோட்டுகளில் அணியும் சின்னங்கள், கடற்படை நங்கூரங்கள், செவிலியர் பிரிவின் புரூச்சு எனும் மார்பு ஊசிகள், முன்னாள் படைவீரர் சங்கத்தின் எனாமல் பேட்ஜுகள், முறிந்த துப்பாக்கியைக் காட்டும் எதிர்ப்புச் சின்னங்கள், வட்டத்துக்குள் கோடுகள் கொண்ட அணுகுண்டு எதிர்ப்புப் பேட்ஜுகள், "எங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பு" என்று எழுதிய தகர வட்டங்கள் என ஒவ்வொன்றையும் நூல்களோடு ஒப்பிட்டு அடையாளம் கண்டேன். ஒரு பேட்ஜை மட்டும் பீரங்கிப் படையின் அரிய சின்னம் என்று நிறுவ இரண்டு பக்கம் எழுதினேன். என் மனைவி கடையிலிருந்து வந்து அதைப் பார்த்தாள்.

"இது ரத்த தானம் குடுத்தவங்களுக்குக் குடுக்கிறது. எங்க கடைக்கு வர்ற ஒருத்தரு தினமும் போட்டுட்டு வருவாரு."

"இதில் குண்டு இருக்கிறதே."

"அது சொட்டுங்க."

அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்தேன். ஆராய்ச்சியில் அதுவும் ஒரு படி.

எனினும் ஒரு சிக்கல் அவிழவில்லை. நான்கு அறைகளிலும் படைச் சின்னங்களும் எதிர்ப்புச் சின்னங்களும் கலந்தே கிடந்தன. ஆண்டுவாரியாகவும் இல்லை, பிரிவுவாரியாகவும் இல்லை, நிறவாரியாகவும் இல்லை. பளபளவென்று துடைத்து, வளைந்த ஊசிகளை நிமிர்த்தி, இவ்வளவு அக்கறையாக வைத்திருந்த ஒருவர் ஒழுங்கில்லாமலா அடுக்கியிருப்பார்?

வியாழக்கிழமை மாலை என் மனைவி எனக்கு எதிரே வந்து அமர்ந்தாள். வழக்கமான கிண்டல் இல்லை.

"எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க," என்றாள். "அண்ணன் சொல்றதுதான் சரின்னா அதையும் சொல்லிடுங்க. சண்டைக்குப் போனவர்னாலும் அவரு எங்கப்பாதான். ஆனா யாருன்னே தெரியாம, அவரு பேர் போட்ட பெஞ்சுல போய் உக்கார முடியாது. கூடவே இருந்தோம். ஒண்ணும் கேக்கல. கேட்டா பையைப் பாருன்னு சொல்லியிருப்பாரு."

"நாளை மாலை முடிவு சொல்கிறேன்," என்றேன்.

"உங்க மேல நம்பிக்கை இருக்கு," என்றாள். சற்று யோசித்து, "ஓரளவுக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவள் எழுந்துபோன பின்னர்தான் எனக்கு வழி புலப்பட்டது. பேட்ஜின் வயதை அதன் பின்புறம் காட்டும் என்று நூல்கள் கூறுகின்றன. எந்தக் காலத்தில் எவ்வகைப் பிடிப்பு வழக்கில் இருந்தது என்பதற்கு அட்டவணைகள் உள்ளன. நான் அனைத்தையும் கவிழ்த்துப் போட்டேன். முதல் அறையில் இருந்தவை யாவும் ஊக்கு வைத்தவை. இரண்டாம் அறையில் இருந்தவை, பின்னால் இரண்டு காதுகள் கொண்டு அவற்றினூடே கம்பி செருகுபவை. மூன்றாம் அறையில் இருந்தவை, தோட்டுக்கு உள்ளது போலத் திருகாணி கொண்டவை. நான்காம் அறையில் இருந்தவை, இரண்டு முட்களில் பட்டாம்பூச்சி வடிவக் கவ்விகளை மாட்டுபவை. ஒன்றுகூட இடம் மாறவில்லை. நான்கு அறைகள், நான்கு காலங்கள். மாமனாரின் வாழ்க்கை வரலாறே என் கண்முன் விரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மச்சான் வந்தார். நான் முன்னரே கேட்டிருந்தபடி மாமனாரின் கோட்டையும் கொண்டுவந்தார். மாமனார் அணிந்த ஒரே கோட்டு அது. அதன் காலர் மடிப்பைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்தேன். ஓர் ஓட்டையும் இல்லை. அவர் பேட்ஜுகளை இக்கோட்டில் அணியவில்லை என்று அறிவித்துவிட்டு, அதை நாற்காலியின் முதுகில் போட்டேன். பிறகு எழுந்து நின்று ஆய்வுரையை வாசித்தேன்.

"பிடிப்பு முறைகளை ஆதாரமாகக் கொண்டு நோக்குமிடத்து, அமரர் தம் வாழ்வின் முதற்பகுதியில் போரை எதிர்த்தும், அதே சமயம் செவிலியர் பிரிவில் பணியாற்றியும்..."

"செவிலியர் பிரிவா?" என்றார் மச்சான்.

"குறுக்கே பேசாதீர்கள், மச்சான். இரண்டாம் பகுதியில் படையில் சேர்ந்து, பல பிரிவுகளுக்கு மாறியும், ஓய்வு நேரத்தில் போரை எதிர்த்தும்..."

"ஓய்வு நேரத்துல," என்றாள் என் மனைவி மெதுவாக.

"மூன்றாம் பகுதியில் முன்னாள் வீரர் சங்கத்தில் உறுப்பினராகித் துப்பாக்கிகளை முறித்தும், நான்காம் பகுதியில் கடற்படையில் சேர்ந்தும், அணுகுண்டை எதிர்த்தும்..."

"கடற்படையா? எங்கப்பாவா?" என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டாள். "குளத்துல படகுல ஏத்துனா அவருக்கு வாந்தி வரும்ங்க. கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு."

"மாப்ள," என்றார் மச்சான், மிகுந்த பணிவோடு. "டீயா காப்பியான்னு கேட்டா அரை மணி நேரம் யோசிக்கிற மனுஷன். அவரு நாலு தடவை கட்சி மாறி, மூணு படையில சேந்து, நடுவுல நர்ஸாவும் இருந்தாருன்னு சொல்றீங்க. தகட்டுல எதை எழுதறது? பெஞ்சு பத்தாது. பஸ் ஸ்டாண்டே கட்டணும்."

நான் அமர்ந்தேன். சற்றுக் கோபமாகவும் இருந்தது. சற்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவர்கள் சிரிக்கவில்லை.

"அப்ப தெரியாதுன்னு ஒத்துக்கலாம்," என்றார் மச்சான். "நான் சொன்னதையே போட்டுடுவோம். மூத்தவன் நான்."

"மூத்தவன்னா? அவரு மாடியில தனியா உக்காந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருந்தப்ப நீ போய்ப் பாத்தியா?"

"நீ பாத்தியா?"

"பாக்கலை. அதான் எனக்கு வலிக்குது. உனக்கு வலிக்கலைன்னா நீயே போடு. உன் பெஞ்சு, நீயே உக்காந்துக்க."

மச்சான் எழுந்தார். சாவியைப் பையில் துழாவினார். அவர் அப்படியே போய்விட்டால் வாசலளவுகூட இனி வரமாட்டார் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. வேறெதுவும் செய்யத் தோன்றாமல், நான் மீண்டும் ஒருமுறை ஆராயப்போவதாகச் சொல்லிப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கண்ணாடி மங்கலாக இருந்தது.

"அந்தத் துணியை எடும்மா," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கருநீலத் துண்டை எடுத்தாள். என் கையில் கொடுக்காமல் நின்றாள். சன்னல் வழியே மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. துணியை வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள்.

"அண்ணே. போகாத. இங்க வா."

"என்ன?"

"இது விரிப்பு இல்லை. இதைப் பாரு."

நாங்களும் பார்த்தோம். துணி முழுவதும் வரிசை வரிசையாக ஓட்டைகள் இருந்திருக்கின்றன. ஒவ்வோர் ஓட்டையும் அதே நிற நூலால், இழையோடு இழை கோத்து, நெய்து மூடப்பட்டிருந்தது. மேசையில் கிடந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே மட்டும், வானத்தில் மேகம் சற்று அடர்ந்தது போலப் புள்ளிகள் தெரிந்தன. முதல் வரிசை முரடாக இருந்தது. கடைசி வரிசையைக் காண்பதே அரிதாக இருந்தது.

"இது அப்பா கை," என்றாள். "கடையில ஓட்டை அடைக்கிறப்ப அவரு இப்படித்தான் நெய்வாரு. பழகிப் பாத்திருக்காரு."

மற்ற மூன்று துண்டுகளையும் எடுத்து வெயிலில் பிடித்தோம். ஒன்றில் இரட்டைப் புள்ளிகள். ஒன்றில் அகன்ற இரண்டு கீறல்கள். ஒன்றில் ஒற்றைப் பெரிய வட்டம். மச்சான் திருகாணி வைத்த பேட்ஜ் ஒன்றை எடுத்து அந்த வட்டத்தின்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. என் மனைவி ஓர் ஊக்கை இரட்டைப் புள்ளியில் வைத்தாள். அதுவும் பொருந்தியது.

எந்த அறையில் எந்தத் துணி என்பது எனக்கு அப்போது விளங்கியது. ஐந்து நாள்களாக நான் என் பூதக்கண்ணாடியைச் சான்றாவணத்தால் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் விளங்கியது. இரண்டாவதை நான் உடனே வெளியிடவில்லை.

"மச்சான்," என்றேன். "இவை அவர் அணிந்தவை அல்ல. சலவைக்கு வந்த கோட்டுகளிலிருந்து கழற்றியவை. அவர் எந்தப் பேட்ஜின் முகத்தையும் பார்த்து வகை பிரிக்கவில்லை. எது துணியில் எப்படிப்பட்ட ஓட்டை போடும் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார். அதனால்தான் குப்புற வைத்திருக்கிறார்."

"படைக்காரன் பேட்ஜும் ஒண்ணுதான், ஊர்வலத்துக்காரன் பேட்ஜும் ஒண்ணுதான்," என்றார் மச்சான், மெல்ல அமர்ந்தபடி. "ரெண்டு பேரும் கோட்டைக் கிழிச்சவங்க."

"கோட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போனவங்க, இதைக் கேக்காம போயிருக்காங்க," என்றாள் என் மனைவி. ஒரு படைச் சின்னத்தை விரலால் புரட்டினாள். "மறந்தாங்களோ, வேணாம்னு விட்டாங்களோ."

"கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பாரு. ஊசியைக்கூட நிமித்தி வெச்சிருக்காரு பாரு," என்றார் மச்சான்.

பிறகு அவள் பேட்ஜைக் கீழே வைத்தாள்.

"ஆனா இதுல ஒண்ணும் அப்பாவோடது இல்லை. மறுபடியும் நமக்கு ஒண்ணும் தெரியலை."

நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தந்தையின் கோட்டை மகள் தடவுவது போலத்தான் தடவினாள். ஆராய்ந்ததாகச் சொல்ல முடியாது. காலர் மடிப்பை விரலால் திருப்பினாள். நான் அதன் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தேன். பேட்ஜை வெளிப்பக்கத்தில்தான் அணிவார்கள் என்பது நூல்களின் துணிபு. அவள் உள்பக்கத்தை வெயிலில் பிடித்தாள்.

மூன்று புள்ளிகள். முக்கோணமாக.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தேநீர்த் தட்டைப் பார்த்தோம்.

புறாப் பேட்ஜை அவளே எடுத்து வைத்தாள். மூன்று பற்களும் மூன்று புள்ளிகளில் உட்கார்ந்தன.

"பந்தயம்," என்றார் மச்சான். அவர் குரல் ஒருவிதமாக இருந்தது. "மாடி."

"சாயங்காலம் செய்தி நேரம்," என்றாள் என் மனைவி. "புறா கூட்டுக்குத் திரும்புற நேரம். அவரு செய்தியையே கேக்கலைண்ணே. கூட்டுக்கு எல்லாம் வந்துச்சான்னு எண்ணப் போயிருக்காரு."

"நம்மள மாடிக்கு விட்டதே இல்லையே. துணி காயுது, அழுக்காக்கிடுவீங்கன்னு."

"நாம அழுக்காக்கிடுவோமாம்."

மச்சானின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. "ஒரு கேப்டன் வெள்ளைச் சட்டையைக் கொண்டாந்து கடையில வீசினாரே, ஞாபகம் இருக்கா? முதுகெல்லாம் கறை. அப்பா அசையலையே. 'காக்காங்க. இந்தக் காக்காவோட பெரிய தொல்லை'ன்னாரு."

"பாவம் காக்கா," என்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீரும் வழிந்துகொண்டிருந்தது. "சலவைக்காரன் மாடியில புறா வளக்குறான்னு தெரிஞ்சா எவன் துணி போடுவான்? அதான் காலருக்கு உள்ள குத்தியிருக்காரு. வாயைத் திறக்காம எத்தனை வருஷம்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாமலா? அம்மாவும் காக்காவைத்தானே திட்டுவா."

அன்று மச்சான் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்போது, "மாப்ள, அந்தப் புறாவை மொதல்ல ஒதுக்கிவெச்சது யாரு?" என்று கேட்டார். ஒதுக்கப்பட்டதாலேயே அது பத்திரமாக இருந்தது என்று நான் பதிலளித்தேன். பூதக்கண்ணாடி துடைத்த செய்தியை என் மனைவி அப்போதுதான் போட்டுடைத்தாள். அதற்குப் பின் நடந்த உரையாடலை இங்கே எழுதுவதற்கில்லை.

சனிக்கிழமை காலை தகடு பொறிப்பவருக்குத் தொலைபேசியில் பேசினோம். பெயரின் கீழே வர வேண்டிய வரியை அண்ணனும் தங்கையும் ஒருவர் வார்த்தையை மற்றவர் திருத்தி முடிவுசெய்திருந்தார்கள்: "சலவைக்காரர். பையைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னவர்."

"அவ்வளவுதானா?" என்றார் பொறிப்பவர். "போர், தியாகம், அமைதி, அப்படி ஒண்ணும் வேணாமா?"

"வேணாங்க," என்றாள் என் மனைவி.

"சரி. படம்? துப்பாக்கியா, புறாவா?"

"புறா," என்றார் மச்சான், அவள் கையிலிருந்த தொலைபேசியை நோக்கிக் குனிந்து.

"சமாதானப் புறா. நல்லது."

"சமாதானப் புறா இல்லைங்க. பந்தயப் புறா."

மறுமுனையில் அச்சுகளைப் புரட்டும் ஓசை கேட்டது. "என்கிட்ட ஒரு புறாதான் இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

மனைவி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "நிபுணர் பேசுவாரு," என்றாள்.

நான் சொல்ல வேண்டியதை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டேன். கழுத்தின் பருமன், சிறகின் அமைப்பு, மார்பின் வளைவு ஆகியவற்றைப் பற்றி விரிவாகக் கூறியிருக்கலாம். ஆனால் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதன் வாயில் உள்ள இலையை மட்டும் எடுத்துவிடுங்கள்," என்றேன்.

பெஞ்சு போட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். பித்தளை வெயிலில் மின்னியது. இலையில்லாத புறா எதையோ மறந்துவிட்டது போல வாய் திறந்திருந்தது. பெஞ்சின் நடுவே, மிகச் சரியாக மூவரும் அமர வேண்டிய இடத்தில், வெள்ளையாக எச்சம் விழுந்திருந்தது. மேலே மரக்கிளையில் இரண்டு புறாக்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"காக்கா," என்றார் மச்சான்.

"ஆமாண்ணே. பெரிய தொல்லை," என்றபடி என் மனைவி கைப்பையைத் திறந்து கருநீலத் துணியை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்ப வைத்தாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை உருவிப் பெஞ்சைத் துடைத்து, அண்ணனுக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.